வேட்டை நாயைத் தோட்டத்துக் கோழிகளோடு பழக்குவது

வளர்ந்த வேட்டை நாயைத் தோட்டத்துக்குக் கொண்டுவர நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கோழியைக் கடிக்காம இருக்குமா?" பழக்கினால் பெரும்பாலும் இருக்கும். கோழியைப் பார்த்த முதல் நொடியில் நாயின் கண் எங்கே போகிறது, அந்த நொடியில் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த ஒரு நொடியைப் பழக்கத் தெரிந்துகொண்டால் ஐந்து வயது சிப்பிப்பாறை வேட்டை நாயையும் சிறுவிடை நாட்டுக்கோழிகளுக்கு நடுவில் படுத்துத் தூங்க வைக்கலாம்.

எங்கள் தோட்டம் திருப்பூர் மாவட்டத்தில் வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் இடையில் இருக்கிறது. பாதி கொறங்காடு (புல் வளர்ந்த மேய்ச்சல் காடு), கொஞ்சம் தென்னை, ஒரு ஆட்டுப்பட்டி, வாசல் நிறையக் கோழி. இந்தப் பக்கம் மயிலும் கவுதாரியும் இல்லாத காடே கிடையாது. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் தென் மாவட்டத்துச் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் என்ற வேட்டை நாய் இனங்கள் எல்லாம் வந்து சேர்கின்றன. குட்டியாக வாங்கி வளர்ப்பவர்களுக்கு இந்தச் சிரமம் குறைவு. முயலுக்கும் பன்றிக்கும் ஓடிப் பழகிவிட்டு, பாதி வயதில் வீடு மாறும் நாய்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். உடையவர் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விடுவார், காடு மனை போட விற்றுப்போகும், நாய்க்குக் கால் அடிபட்டு வேகம் குறைந்திருக்கும். எது காரணமானாலும் நாய் கெட்ட நாய் அல்ல. அதற்குத் தெரிந்த ஒரே வேலைக்கு இங்கே இடம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த வேலைக்கு இடம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கவுதாரி பிடிக்கப் பழக்க முடியுமா?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல், கவுதாரி, காடை, மயில் எதையும் வேட்டையாடக் கூடாது. கொன்றால்தான் வேட்டை என்று இல்லை. துரத்துவதும் விரட்டிப் பிடிப்பதும் வேட்டை என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது. மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது; மாட்டினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. நிலக்கடலைக் காட்டில் மயில் பண்ணும் சேதம் எனக்கும் தெரியும், வயிறு எரியும். ஆனாலும் நாயை ஏவி விரட்டாதீர்கள். சட்டம் ஒரு காரணம். மயிலைத் துரத்த விட்ட நாய்க்கு உங்கள் வீட்டுக் கோழியை மட்டும் விடச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பது இன்னொரு காரணம். அதன் கண்ணுக்கு இரண்டும் றெக்கை அடித்து ஓடுகிற ஒன்றுதான்.

நாயைப் பார்க்கப் போகும்போது

அது இருக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள். வண்டியில் ஏற்றி அனுப்பச் சொல்லி வாங்காதீர்கள். உடையவரிடம் "ஏனுங்ணா, கோழியப் பாத்தா என்ன பண்ணும்?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. அவர் வீட்டுக் கோழியைக் குட்டியிலிருந்து பார்த்துப் பழகியிருக்கும். உங்கள் கோழி அதற்குப் புதிது.

நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. நாயை உடையவர் கயிற்றில் பிடித்திருக்கட்டும். கூட வந்தவர் ஒரு கோழியைக் கையில் அணைத்துக்கொண்டு நாற்பது, ஐம்பது அடி தள்ளி நடக்கட்டும். நாயின் காது முன்னால் வரும், வாய் மூடும், உடம்பு அசையாமல் நிற்கும். இது எல்லா வேட்டை நாயும் செய்வதுதான், இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இப்போது அதன் மூக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வெந்த ஈரலைக் காட்டுங்கள். வாங்கித் தின்றால், அல்லது பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஒரு கணமாவது தலையைத் திருப்பினால், அந்த நாயைப் பழக்கலாம். ஈரல் இருப்பதே தெரியாமல் கீச்சிட்டுக்கொண்டு கயிற்றை இழுத்தால், நூறு அடிக்கு அப்பால் போய் மறுபடி பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால், அதற்கென்று தனியாக வேலி கட்டிய இடம் உள்ளவர்கள் மட்டும் அதைக் கொண்டுபோகலாம். திறந்த வாசலில் கோழி மேயும் வீட்டுக்கு அது வேண்டாம்.

ஆட்டையும் இதே மாதிரி காட்டிப் பார்த்துவிடுங்கள். காங்கயம், வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தில் பட்டிக்குள் நாய் புகுந்து ஆடுகளைக் குதறிய சங்கதி தொடர்ந்து நடந்துகொண்டே இருக்கிறது. எந்த நாய் கடித்ததோ, வேலிக்கு வெளியே தெரிகிற ஒல்லியான நெட்டை நாய் மேல்தான் முதலில் சந்தேகம் விழும். விஷம் வைத்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? அதனால் பெயரும் போன் நம்பரும் பொறித்த தகடு ஒன்று முதல் நாளிலேயே கழுத்தில் இருக்கட்டும்.

வெள்ளை ராஜபாளையம் என்றால் காது கேட்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத நாய்கள் உண்டு. அது பார்க்காதபோது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். காது அசையவில்லை என்றால் கேட்கவில்லை. வேறு பக்கம் திரும்பித் தேடினால் ஒரு காது மட்டும் கேட்கலாம். காது கேளாத நாயை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கையைத் தூக்கிக் காட்டியே நன்றாகப் பழக்கலாம். கயிறு இல்லாமல் மட்டும் எந்தக் காலத்திலும் வேலிக்கு வெளியே விடக் கூடாது.

கிளம்பும் முன் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: வேட்டையில் என்ன சொல்லி ஏவுவார், என்ன சொல்லித் திரும்பக் கூப்பிடுவார் என்று. பெரும்பாலும் ஏவுவது "ச்சூ" என்ற சத்தமாகத்தான் இருக்கும். காயப்போட்ட சோளத்தில் வாய் வைக்கும் கோழியை நம் வீட்டில் விரட்டுவதும் அதே "ச்சூ"தான். எங்கள் அத்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைச் சொல்வார் என்று கணக்கே இல்லை. நாயின் காதில் அது "போய்ப் பிடி" என்று விழும், எதிரில் கோழி வேறு ஓடும். வீட்டில் எல்லாரும் கோழியை விரட்ட வேறு சத்தத்துக்கு மாற வேண்டும். அத்தை கை தட்டி விரட்டப் பழகிக்கொண்டார். "நாய்க்கோசரம் நானு இந்த வயசுல புதுசாப் படிக்கறேன் கண்ணு" என்று அலுத்துக்கொண்டாலும், ஒரு நாளும் தவறியதில்லை.

பட்டை, கயிறு, வேலி

இந்த நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து தலையளவுக்கே இருக்கும். கடையில் விற்கும் சாதாரணக் கழுத்துப்பட்டையைப் பின்பக்கமாக இழுத்து உருவிவிட்டு ஓடிவிடும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் அகலப் பட்டை வாங்குங்கள். அதோடு மார்பைச் சுற்றிப் போடும் வாரும் வேண்டும். நீளக் கயிற்றை மார்பு வாரில்தான் மாட்ட வேண்டும். சிப்பிப்பாறை இரண்டு மூன்று நொடியில் முழு வேகம் எடுத்துவிடும். கயிறு முடியும் இடத்தில் அந்த வேகம் கழுத்தில் விழுந்தால் நாய்க்கு நிரந்தரக் காயம். கயிறு முப்பது அடி பருத்திக் கயிறு போதும். தாம்புக்கயிறு கனம் அதிகம், நைலான் கையை அறுக்கும். எந்தக் கயிறானாலும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

கூடை மாதிரி இருக்கும் வாய்மூடி ஒன்றும் வாங்கி வையுங்கள். அதைப் போட்டபடியே நாய் வாய் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிவகை நம் வெயிலுக்கு ஆபத்து. வாய்மூடிக்குள் தயிரைத் தடவி, அதுவாகவே மூக்கை நுழைக்கும்வரை பொறுமையாகப் பழக்குங்கள்.

கிளுவைச் செடி வேலி ஆட்டைத் தடுக்கும், இந்த நாயைத் தடுக்காது. அடியில் உள்ள சந்தில் தலை போனால் உடம்பும் போய்விடும். தோட்டம் முழுக்க வேலி கட்ட வசதி இல்லை என்றால் சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டி ஒரு சின்ன இடத்துக்காவது ஆறடிக் கம்பிவலை கட்டுங்கள். வலையின் அடிப்பாகம் ஒரு சாண் மண்ணுக்குள் போக வேண்டும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. சங்கிலியில் கிடந்தபடி எதிரில் மேயும் கோழியை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் நாய்க்கு வெறி ஏறுமே தவிரக் குறையாது.

வந்த முதல் நாட்கள்

காலையில் கூட்டி வாருங்கள். அன்று கோழிகள் கூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். நாயை நேராக அதன் இடத்தில் விட்டுவிட்டு, தண்ணீரும் ஒரு சாக்கும் போட்டு, தனியாக விடுங்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து தடவிப் பார்ப்பதெல்லாம் பிறகு ஆகட்டும். வளர்ந்த நாய்க்குப் பயம் தெளிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று நினைக்க மூன்று மாதம் என்று ஒரு பொதுக்கணக்கு சொல்வார்கள். முதல் வாரம் அது சாதுவாக இருப்பதைப் பார்த்து, "இவ்வளவுதானா, பழகிப்போச்சு" என்று கோழிகளோடு விட்டுவிடாதீர்கள். அது சாது இல்லை, பயம். பயம் தெளிந்த பிறகுதான் வேட்டை நாய் வெளியே வரும்.

அந்த வாரத்திலேயே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முன்பு ஊசி போட்டதற்கு எழுத்து இல்லை என்றால் போடவே இல்லை என்று வைத்துக்கொண்டு வெறிநோய்த் தடுப்பூசியும் மற்ற ஊசிகளும் போட்டுவிடுங்கள். வெறிநோய் ஊசி வருடாவருடம் வேண்டும். காட்டில் ஓடின நாயின் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கும். ஈறு வெளுத்து, காய்ச்சலாக, சாப்பாட்டில் மனசில்லாமல் இருந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் மறுநாள் என்று தள்ளாதீர்கள். குடும்பக்கட்டுப்பாடு செய்ய நினைத்தால், கொழுப்பே இல்லாத ஓட்ட நாய் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மயக்க மருந்தின் வகையையும் அளவையும் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். நெஞ்சு ஆழமான நாய் என்பதால் வயிறு முட்டத் தின்றதும் ஓடவிட்டால் வயிறு முறுக்கிக்கொள்ளலாம். இரண்டு வேளையாகப் பிரித்துப் போட்டு, தின்ற பிறகு ஓய்வு கொடுங்கள். ராகிக்களி, சோறு, முட்டை, வெந்த கறி எல்லாம் தின்னும். வெந்த எலும்பு மட்டும் வேண்டாம்.

கோழிக்கறி போட்டால் கோழியைப் பிடிக்கும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. வெந்த கறிக்கும் ஓடுகிற கோழிக்கும் நாய் முடிச்சுப் போடுவதில்லை. ருசி கெடுப்பதைவிடத் துரத்தல்தான் கெடுக்கும். ஆனால் கோழி அறுக்கும்போது பக்கத்தில் நாயை வைத்துக்கொண்டு தலையையும் குடலையும் றெக்கையோடு தூக்கிப் போடுவது வேறு. துடிப்பு, ரத்தம், றெக்கை வாசம் மூன்றும் சேர்ந்து அதற்கு ஒரே பாடமாகிவிடும். அறுக்கும் நாளில் நாய் உள்ளே இருக்கட்டும்.

பழக்கும் முறை

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். கோழியைப் பார்த்துப் பயப்படவோ வெறுக்கவோ நாய்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோழியைப் பார்த்ததும் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கச் சொல்லித்தர வேண்டும்.

முதலில் கோழியே இல்லாத இடத்தில் தொடங்குங்கள். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் அடுத்த கணம் வாயில் ஈரல் விழும். நான் "சபாஷ்" என்று வைத்திருக்கிறேன். "சரி", "வா" மாதிரி நாள் முழுக்க வீட்டில் புழங்கும் சொல் இதற்கு ஆகாது. நாய் தற்செயலாக உங்களைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் "சபாஷ்", ஒரு துண்டு. காது கேளாத நாய்க்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதே சபாஷ். துண்டு சுண்டுவிரல் நகமளவு போதும். கோழி ஈரலை வேகவைத்து நறுக்கிவைத்தால் வாசத்துக்கே திரும்பும். கருவாட்டுக்கு அதைவிட வாசம் அதிகம். உப்பை அலசி, கொஞ்சமாகக் கொடுங்கள்.

அடுத்தது வாசம். கோழிக்கூட்டில் கிடந்த பழைய சாக்கை நாயின் இடத்தில் ஒரு ஓரமாகப் போடுங்கள். முதலில் அதையே மோந்துகொண்டு நிற்கும், பிறகு அதன் மேலேயே படுக்கும். அப்படிப் படுத்த பிறகுதான் உயிருள்ள கோழி.

மிரளாத வயசான கோழி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நிழலில் கொடாப்பு (கோழியை மூடும் பெரிய கூடை) போட்டுக் கவிழ்த்து, உள்ளே கொஞ்சம் கம்பும் தண்ணீரும் வையுங்கள். கோழியும் உயிர்தான், நடுங்குகிற கோழியை வைத்துப் பழக்குவது பாவம், படபடக்கும் கோழி நாயையும் கிளறும். பத்து நிமிஷத்துக்கு மேல் அதை வைக்காதீர்கள். கொடாப்பின் மேல் ஒரு கல்லை வைத்துவிடுங்கள். நாய்க்கு இரண்டு கயிறு: ஒன்று உங்கள் கையில், இன்னொன்று தென்னை மரத்தில். மரத்துக் கயிறு கொடாப்பு வரை எட்டக் கூடாது. வெயில் ஏறுவதற்கு முன்னால், நாய் பசியோடு இருக்கும் நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது? நாய் சொல்லும். கோழியைப் பார்க்கிறது, ஆனாலும் கையில் இருப்பதை வாங்கித் தின்கிறது என்றால் தூரம் சரி. ஈரலைக் கண்டுகொள்ளவில்லை என்றால் ரொம்பக் கிட்டத்தில் நிற்கிறீர்கள், பின்னால் போங்கள். தொடக்கத்தில் அது நூறு அடியாகக்கூட இருக்கலாம். அங்கே நின்று ஒன்றும் பேசாமல் காத்திருங்கள். நாய் கோழியைப் பார்க்கும். கூப்பிடாதீர்கள், இழுக்காதீர்கள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு கழித்துக் காது தளர்ந்து, தலை உங்கள் பக்கம் திரும்பும். திரும்பும் அதே கணத்தில் "சபாஷ்". இந்தத் திரும்பல்தான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். இரண்டு மூச்சில் திரும்பவில்லை என்றால், வாய் மூடி, முன்காலில் பாரம் ஏறி, வால் விறைத்தால், பாய்வதற்கு முன்பே நீங்கள் பின்னால் நடக்கத் தொடங்குங்கள். பாய விட்டுவிட்டு இழுத்துப் பிடித்தால் நாய் படிப்பது பாய்ச்சலைத்தான்.

ஐந்து நிமிஷம், காலையில் ஒன்று, பொழுதோட ஒன்று. அவ்வளவுதான். நன்றாகப் போகிறது என்று நீட்டினால் கடைசி நிமிஷத்தில் கெடும்.

நாலைந்து நாள் தொடர்ந்து சுலபமாகத் திரும்புகிறது என்றால் சில அடி முன்னால் போங்கள். கோழியை மாற்றுங்கள்: கருங்கோழி, வெள்ளைக்கோழி, கூவுகிற சேவல். நாய்க்குக் கருப்புக் கோழியில் படித்தது வெள்ளைக் கோழிக்கு ஆகாது, ஒவ்வொன்றையும் புதிதாகத்தான் காட்ட வேண்டும். அப்புறம் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நடமாடும் கோழி. அப்புறம் ஓடும் கோழி. இதுதான் மிகக் கடினமான கட்டம். தீனி இறைத்ததும் நாலாபக்கமும் இருந்து கோழிகள் றெக்கை விரித்து ஓடிவரும். ஓட்ட நாய் பிறந்ததே அந்த அசைவைப் பார்ப்பதற்குத்தான். அதனால் கோழி ஓடத் தொடங்கும் கட்டத்தில் தூரத்தை மறுபடி இரண்டு மடங்காக்குங்கள். ஒன்றைக் கடினமாக்கினால் இன்னொன்றைச் சுலபமாக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கூட்டினால் முன்பு கட்டியதெல்லாம் சரியும்.

எங்களிடம் வந்த செவலை என்ற சிப்பிப்பாறைப் பெட்டை, நிற்கும் கோழியைச் சீக்கிரமே விட்டுவிட்டாள். தீனி நேரத்தைத் தாங்குவதற்கு அவளுக்கு மாதக்கணக்கு ஆனது. அதில் அவள் மேல் ஒரு குறையும் இல்லை. தலைமுறை தலைமுறையாக எதற்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்களோ அதைத்தான் அடக்கச் சொல்கிறோம். அதற்கு அந்த அளவு நாள் கொடுப்பதுதான் நியாயம்.

வலைக்குப் பின்னால் ஓடும் கோழியைப் பார்த்தும் நாய் திரும்புகிறது என்றால், வாய்மூடி போட்டு, கயிற்றோடு வாசலுக்குக் கூட்டி வாருங்கள். ஒரு சாக்கை விரித்து, நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். படுத்தால் சபாஷ். கோழி கடந்து போகும்போது படுத்தே இருந்தால் இரண்டு துண்டு. கொஞ்ச நாளில் பெருமூச்சு விட்டுத் தலையைக் கால் மேல் வைக்கும். சும்மா படுத்துக்கிடக்க ஒரு நாய் கற்றுக்கொள்வது பெரிய படிப்பு. அதற்குப் பிறகு கயிற்றை விட்டுத் தரையில் இழுபட விடலாம். வாய்மூடி இருக்கட்டும், உங்கள் கால் கயிற்றின் நுனிக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாய்மூடியை எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

குஞ்சோடு இருக்கும் பெட்டைக்கோழியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். குஞ்சைக் காக்க அது நாயின் முகத்திலேயே பறந்து அடிக்கும். எவ்வளவு பழகிய நாயும் அப்போது வாயைத் திறந்துவிடும். குஞ்சு கொஞ்சம் பெரிதாகும்வரை தாயும் குஞ்சும் தனி அடைப்பில் இருப்பது நல்லது. வெள்ளைக் கழிச்சல் வந்து கழுத்து முறுக்கித் தடுமாறும் கோழியும் அப்படித்தான், அதன் துடிப்பு நாயை இழுக்கும். கோழிக்கு நேரத்துக்குத் தடுப்பூசி போடுவது இந்த வகையிலும் உதவும். கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை, அந்த விலைக்குச் சேவலை நாயின் எதிரில் நிறுத்திப் பழக்க மாட்டீர்கள்.

காட்டுப் பறவைகள்

கோழி நம் கையில் இருக்கிறது, மயிலும் கவுதாரியும் இல்லை. கவுதாரி கொழுக்கட்டைப் புல்லுக்குள் பதுங்கிக் கிடந்து, காலடிக்குக் கிட்டத்தில் வந்ததும் சடசடவென்று எழும்பும். கோழிகளுக்கு நடுவில் தூங்கும் நாயும் அந்தச் சத்தத்துக்குத் தெறித்துப் போகும். அதனால் கொறங்காட்டுக்குள் எப்போதும் நீளக் கயிறுதான், எத்தனை வருடம் ஆனாலும். நடக்கும்போது புல் அடர்ந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள். பறவை எழும்பினால் நீங்கள் உடனே எதிர்ப்பக்கம் திரும்பி நடந்து, நாய் உங்களைத் தொடர்ந்ததும் கை நிறையக் கொடுங்கள். பறவை எழும்பினால் திரும்பிப் போனால்தான் தீனி என்பது அதற்குப் பதிய வேண்டும். ஆள்காட்டி தரையிலேயே முட்டையிடும் பறவை. கோடையில் அது தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மயில் நாற்பது அடியில் தோகையை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து நாய் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற நாள் வரும். வாழ்க்கையில் நான் பட்ட பெரிய சந்தோஷங்களில் அதுவும் ஒன்று.

ஓடும் ஆசைக்கு வழி

ஓட்டத்தை அடியோடு நிறுத்திவிட்டுப் பழக்க முடியாது. அடைத்த இடத்தில், காலை எட்டு மணிக்குள், நீளமான மூங்கில் குச்சியின் நுனியில் கயிறு கட்டி அதில் ஒரு சாக்குத் துண்டை முடிந்து, தரையோடு இழுத்து ஓடவிடுங்கள். றெக்கையையோ தோலையோ கட்டாதீர்கள். பிடித்ததும் "விடு" என்று சொல்லி ஈரலைக் காட்டுங்கள். விட்டால் ஈரல், மறுபடி ஓட்டம். விட்டுக்கொடுத்தால் விளையாட்டு முடியாது என்று தெரிந்த நாய் "விடு" என்ற சொல்லை மதிக்கும். அந்தச் சொல் என்றாவது ஒரு கோழியின் உயிரைக் காக்கும். சித்திரை, வைகாசியில் இந்த ஓட்டம் சில நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். நாக்கு கருஞ்சிவப்பாகி, தள்ளாடினால் நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

செய்யக் கூடாதவை

கடித்த கோழியை நாயின் கழுத்தில் கட்டி அழுகும்வரை தொங்கவிட்டால் புத்தி வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வராது. கோழியைத் துரத்தியதற்கும் கழுத்தில் நாறுவதற்கும் நாயால் முடிச்சுப் போட முடியாது. புழுவும் புண்ணும்தான் மிச்சம். அடிப்பதும் கரண்ட் பட்டை போடுவதும் அதைவிட மோசம். கோழியைப் பார்க்கும்போதெல்லாம் வலித்தால் கோழி மேல் கோபம்தான் வளரும், இல்லை என்றால் நீங்கள் இருக்கும்போது அடங்கி, நகர்ந்ததும் முடித்துவிடும். பட்டினி போடுவதும் கூடாது.

ஒருவேளை கோழியைப் பிடித்துவிட்டால் கத்திக்கொண்டு ஓடாதீர்கள், அதுவும் சேர்ந்து ஓடும். கயிற்றின் நுனியைப் பிடித்து, "விடு" சொல்லி, வேறு நல்ல தீனி காட்டி மாற்றுங்கள். பேசாமல் அதன் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுத்த நாள் முதல் இரண்டு கட்டம் பின்னால் போய்த் தொடங்குங்கள். பக்கத்துத் தோட்டத்துக் கோழி என்றால் அவர்கள் வந்து கேட்கும் முன்பே நீங்கள் போய்ப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். வரப்பு உறவு கெட்டால் நாயால் அங்கே குடியிருக்க முடியாது. இந்த அமளியில் யாரையாவது நாய் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போக வேண்டும். வளர்த்த நாய், ஊசி போட்ட நாய் என்று இருந்துவிடக் கூடாது.

சில நாய்கள் கடைசிவரை கோழிக்கு ஆகாது. ஆறு மாதம் ஒழுங்காகப் பழக்கியும் ஈரலைப் பார்க்காமல் கோழியையே பார்க்கும் நாய் அந்த வகை. அதற்கு நேரம் பிரித்துவிடுங்கள்: பகலில் கோழி வெளியே, நாய் வேலிக்குள், பொழுது சாய்ந்து கோழி அடைந்த பிறகு கூட்டைப் பூட்டிவிட்டு நாயை வேலி அடைத்த வாசலில் அவிழ்த்துவிடலாம். இரவுக் காவலுக்கு அதுவே நல்ல நாய். எங்கள் வெள்ளையன், காது கேளாத ராஜபாளையம், அப்படித்தான் இருக்கிறான். பழகிய நாயாக இருந்தாலும் வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் கோழிகளோடு தனியாக விடுவதில்லை. செவலைக்கும் அதே விதிதான்.

கோயில் நோன்பி, கல்யாணம் என்று ஊருக்குப் போக வேண்டிவந்தால், பார்த்துக்கொள்ள வருகிறவரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போகாமல் ஒரு தாளில் எழுதிக் கூட்டின் கதவில் ஒட்டிவிடுங்கள்: எந்தக் கதவை முதலில் பூட்ட வேண்டும், ஈரல் டப்பா எங்கே இருக்கிறது, "ச்சூ" சொல்லக் கூடாது, மருத்துவர் நம்பர். முடிந்தால் அவரை இரண்டு நாள் முன்பே வரச் சொல்லி, நாயை அவர் கையால் தீனி வாங்க வையுங்கள். அந்த நாட்களில் பழக்கம் எதுவும் வேண்டாம். கோழியும் நாயும் வேறு வேறு அடைப்பில் இருந்தால் போதும். நீங்கள் திரும்பி வந்து, விட்ட இடத்துக்கு ஒரு படி பின்னாலிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.